வெளிமாநிலத் தொழிலாளர் வருகையும் உள்ளூர்க் கூலியும்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிப்காட் வாசல், கட்டட வேலைத் தளம், சங்கக் கூட்டம், வயல் வரப்பு என எங்கும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். ஒரு பதிலில் சொன்னதை மறுபடி சொல்லவில்லை; எந்தப் பதிலைப் பார்க்க வேண்டும் என்று அங்கங்கே குறித்திருக்கிறோம். கணக்குகளில் வரும் கூலித் தொகைகள், வேறுவிதமாகச் சொல்லாத இடத்தில், கணக்கு விளங்குவதற்காக எடுத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. வடநாட்டுக்காரங்க வந்ததாலதான் எங்க கூலி ஏறாம கெடக்குதா?

சிலருக்கு ஆம், பலருக்கு இல்லை. நீங்கள் செய்யும் அதே வேலையை, அதே தளத்தில், அதே நேரத்தில் செய்ய ஒருவர் வந்தால் உங்கள் கூலி ஏறுவது தாமதமாகும். உங்கள் வேலைக்குத் துணை நிற்கும் வேலையைச் செய்ய வந்தால் உங்களுக்கு வேலை நாள் கூடும். ஒரே ஊரில், ஒரே கட்டடத்தில் இந்த இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. அதனால்தான் கொத்தனாரைக் கேட்டால் ஒன்று சொல்கிறார், சித்தாள் வேறொன்று சொல்கிறார். இருவர் சொல்வதும் உண்மை.

கூலியை அமுக்குகிற மற்ற காரணங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புதுச்சேரியில் ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி மில்கள் 2020இல் மூடப்பட்டன. மில் வேலையை நம்பியிருந்த குடும்பங்கள் தினக்கூலிக்கும் செக்யூரிட்டி வேலைக்கும் வரும்போது, வெளியூர்க்காரர் ஒருவரும் வராமலே வேலை தேடுவோர் எண்ணிக்கை கூடுகிறது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. புதுக்கன்று காய்ப்புக்கு வரும்வரை தோப்பு வேலையும் இல்லை, கொட்டை உடைக்கும் வேலையும் இல்லை. இவற்றையெல்லாம் ஒரு ரயிலில் வந்து இறங்கியவர்கள் தலையில் கட்டக் கூடாது.

2. இருக்கிற வேலை இவ்ளோதான். பத்து பேரு வந்தா நம்மாளு பத்து பேருக்குப் போயிடுமே?

வேலையின் அளவு நிலையாக இருந்தால் அப்படித்தான் ஆகும். ஆனால் அது நிலையாக இருப்பதில்லை. ஆள் கிடைக்காமல் தள்ளிப்போட்ட வீடு, ஒரே ஷிப்டில் ஓடிய பட்டறை, நட ஆளில்லாமல் தரிசாக விட்ட வயல் எல்லாம் ஆள் வந்ததும் வேலையாக மாறுகின்றன. வந்தவர்களும் சாப்பிட வேண்டும், அறை எடுக்க வேண்டும், போனுக்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும். தொழிற்பேட்டைகளை ஒட்டிய குடிகாட்டிலும் சேதராப்பட்டிலும் மளிகைக் கடைகளில் கோதுமை மாவும் கடுகெண்ணெயும் அடுக்கப்பட்டிருப்பது அந்த வியாபாரத்துக்காகத்தான்.

புது வேலை உருவாவதற்கு நாள் பிடிக்கும். ஆள் வருவது ஒரு வாரத்தில் நடக்கிறது. இரண்டாவது ஷிப்ட் தொடங்க ஆறு மாதம், ஒரு வருடம் ஆகலாம். அந்த இடைவெளியில் அடி வாங்குபவருக்கு, “நீண்ட காலத்தில் சரியாகும்” என்று சொல்வது பதிலாகாது. ஆராய்ச்சிகள் ஒன்றோடொன்று முரண்படுவதுபோல் தெரிவதற்கும் இதுவே பெரிய காரணம். ஒருவர் முதல் ஆண்டை அளக்கிறார், இன்னொருவர் பத்தாம் ஆண்டை அளக்கிறார்.

3. கொத்தனாருக்கு லாபம், சித்தாளுக்கு நட்டம்னு சொல்றாங்களே, எப்படி?

கலவை போட்டு, செங்கல் எடுத்துக் கொடுக்க ஆளில்லாத நாளில் கொத்தனார் கரண்டியோடு சும்மா நிற்பார். துணை ஆள் தாராளமாகக் கிடைத்தால் அவர் ஒரே நாளில் கூடுதல் சதுர அடி பூசுவார். மேஸ்திரி ஒரு வீட்டுக்குப் பதில் இரண்டு வீட்டை ஒப்புக்கொள்வார். எலக்ட்ரீஷியன், பிளம்பர், டைல்ஸ் ஒட்டுபவர் எல்லாருக்கும் வேலை வரிசையாக வரும். இவர்கள் வேலைக்கு உள்ளூர்ப் பழக்கமும் பேச்சும் வேண்டும். வீட்டுக்காரரோடு தமிழில் பேசி, விலை சொல்லி, கடையில் கடனுக்குச் சாமான் எடுக்கும் வேலையைப் புதிதாக வந்தவர் உடனே பிடித்துவிட முடியாது.

சித்தாள் நிலைமை வேறு. பாண்டு தூக்குவதற்கு மொழி வேண்டாம். கான்ட்ராக்டர் ஒரே அறையில் தங்கும் ஆறு இளைஞர்களைக் கொண்டுவந்து இறக்கினால், முதலில் நாள் குறைவது உள்ளூர்ப் பெண்களுக்கும் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கும்தான். இதைப் பலர் பேசுவதில்லை. “மொத்தத்தில் பாதிப்பு குறைவு” என்ற வாக்கியம் சரியாக இருக்கும்போதே, அதற்குள் இந்தப் பெண்களின் இழப்பு மறைந்துபோகிறது.

4. அவங்க கம்மிக் கூலிக்கு வர்றதாலதானே கான்ட்ராக்டர் அவங்களைக் கூப்பிடுறார்?

நாள் கூலியை வைத்துப் பார்த்தால் பல தளங்களில் அப்படித் தெரியாது. மணிக் கணக்குப் போட்டால்தான் விஷயம் வெளிவரும். உள்ளூர் உதவியாளுக்கு 8 மணி நேரத்துக்கு 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 87.50 ரூபாய். வெளிமாநில ஆளுக்கு 650 ரூபாய், ஆனால் வேலை 11 மணி நேரம். அவருக்கு அறை வாடகையில் ஒரு நாளைக்கு 38 ரூபாய், அரிசி, கேஸ் வகையில் 60, ரயில் செலவும் ஏஜென்ட் கமிஷனும் ஆறு மாதத்துக்குப் பிரித்தால் 19 என்று கூட்டினால், கான்ட்ராக்டருக்கு ஒரு நாளைக்கு 767 ரூபாய் ஆகிறது. உள்ளூர் ஆளைவிட நாளுக்கு 67 ரூபாய் அதிகம்! ஆனால் 11ஆல் வகுத்தால் மணிக்கு 70 ரூபாய்க்கும் கீழே.

இப்போது சட்டப்படி ஓ.டி. (கூடுதல் நேரக் கூலி) போட்டுப் பாருங்கள். 650 ரூபாய் 8 மணி நேரத்துக்கு, மணிக்கு 81.25. கூடுதல் 3 மணி நேரத்துக்கு இரட்டிப்பு வீதம், 162.50 வீதம் 487.50. தங்கும் செலவு 117ஐயும் சேர்த்தால் 1,254.50, மணிக்கு 114 ரூபாய். உள்ளூர் ஆளும் அதே 11 மணி நேரம் ஓ.டி.யோடு செய்தால் 1,225 ரூபாய், மணிக்கு 111. வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது. ஆக, அவரை மலிவாக்குவது அவர் பிறந்த ஊர் அல்ல. கொடுக்காமல் விட்ட ஓ.டி.தான். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கணக்கைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கூலிக்கு வெளியேயும் ஒரு காரணம் உண்டு. தை ஐந்தாம் நாள் தென்பெண்ணை ஆற்றுத் திருவிழா, மாசிமகம், சொந்தத்தில் கல்யாணம், சாவு என்று உள்ளூர் ஆள் லீவு எடுப்பார். தளத்திலேயே தங்கியிருப்பவருக்கு அன்றும் வேலைதான். அவர்கள் ஊருக்குப் போகும்போது தீபாவளி, சட் பூஜை, ஹோலியை ஒட்டி மொத்தமாக ஒரு மாதம் போய்விடுகிறார்கள். அந்த மாதத்தில் மேஸ்திரிகள் உள்ளூர் ஆளைத் தேடி வீட்டு வாசலுக்கே வருவது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

5. அவங்க ஏன் கூட்டிக் கேக்க மாட்டேங்கறாங்க?

அட்வான்ஸ் வாங்கியிருப்பார்கள். அந்தக் கடன் கழியும்வரை வேறு தளத்துக்குப் போக முடியாது. தங்கும் இடமும் வேலையும் ஒரே ஆள் கையில் இருப்பதால், வேலை போனால் அன்றிரவே படுக்க இடமும் போய்விடும். முதலாளியிடம் பேச மொழி இல்லை. பேசுகிற ஆள் ஏஜென்ட், அவருக்கு அதில் பங்கு. செங்கல் சூளைக்கு அட்வான்ஸ் வாங்கிப் போகும் நம் மாவட்டத்துக் குடும்பங்களும் இதே கட்டில்தான் இருக்கின்றன. கடனுக்கு ஈடாக ஆளைப் பிடித்துவைத்து வேலை வாங்குவது 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை. அது குற்றம்.

கூலி பேச முடியாத ஒருவர் பக்கத்தில் நின்றால், பேச முடிந்தவரின் பேச்சுக்கும் மதிப்பு குறையும். கூலி அமுங்குவதன் வேர் இங்கே இருக்கிறது.

6. நம்ம பசங்கதான் வேலைக்கு வர மாட்டேங்கறாங்கன்னு முதலாளிங்க சொல்றது உண்மையா?

பாதி உண்மை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தை எண்ணிக்கை 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 1.8, பீகாரில் 3.0. உயர்கல்விச் சேர்க்கை 2021-22இல் இங்கே 47 சதவீதம். பிள்ளைகளும் குறைவு, படிப்பவரும் அதிகம். டிப்ளமோ படித்தவர் பாண்டு தூக்க வரவில்லை என்று கோபப்படுவதில் நியாயமில்லை. இன்னும் ஒரு பகுதியினர் சிங்கப்பூர், வளைகுடா, பெங்களூரு, சென்னை என்று போய்விட்டார்கள்.

மீதிப் பாதியை முதலாளிகள் சொல்வதில்லை. “ஆள் வரவில்லை” என்றால் “இந்தக் கூலிக்கு, இந்த நேரத்துக்கு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாமல் வரவில்லை” என்று பொருள். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. 8 மணி நேர ஷிப்ட், மாதம் தவறாத சம்பளம், பெண்களுக்கு வண்டி வசதி என்று அதே பகுதியில் இருக்கும் இன்னொரு தொழிற்சாலையில் உள்ளூர் ஆட்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்.

7. நடவுக்கே வங்காளத்துல இருந்து குழு வருது. நம்ம ஊர் பொம்பளைங்க கதி?

வெளிக் குழு ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி, கயிறு பிடித்து, விடியற்காலையில் தொடங்கி இருட்டும்வரை நடுகிறது. நம் பெண்கள் நாள் கூலிக்கு, குறிப்பிட்ட நேரத்துக்கு வருகிறார்கள். மேட்டூர் தண்ணீரோ வீராணத்துத் தண்ணீரோ வந்து, காட்டுமன்னார்கோயில், சேத்தியாத்தோப்பு முழுக்க ஒரே பத்துப் பதினைந்து நாளில் நடவு நெருக்கும்போது உள்ளூர்க் கைகள் போதாது. அந்த நாட்களில் வெளிக் குழுவால் உள்ளூர்க் கூலி பெரிதாகக் குறைவதில்லை. நெருக்கடி இல்லாத நாட்களிலும் விவசாயி ஏக்கர் கணக்குக்கே பழகிவிட்டால் நாள் கூலி முறையே தேய்கிறது. ஆபத்து அங்கே இருக்கிறது. உள்ளூர்ப் பெண்களும் பத்துப் பன்னிரண்டு பேர் குழுவாகி, ஏக்கருக்குப் பேசி, நேரத்தைத் தாங்களே வைத்துக்கொண்டால் இதைச் சமாளிக்க முடியும்.

வெளி ஆள் வராமலே இருந்தால் கூலி ஏறியிருக்குமா என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது. மெக்சிகோ விவசாயக் கூலிகளை ஒப்பந்தத்தில் கொண்டுவரும் ‘பிரசேரோ’ திட்டம் 1942இல் தொடங்கியது. உள்ளூர்க் கூலி உயரட்டும் என்றே 1964 முடிவில் அதை நிறுத்தினார்கள். கிளெமென்ஸ், லூயிஸ், போஸ்டெல் மூவரும் பழைய பதிவேடுகளை எடுத்து ஆராய்ந்ததில், அந்த ஆட்கள் அதிகம் இருந்த மாநிலங்களில் கூலி தனியாக உயரவில்லை என்று தெரிந்தது. தக்காளி பறிக்க மிஷின் வந்தது. மிஷின் இல்லாத பயிர்களின் சாகுபடி சுருங்கியது. நம் ஊரில் அறுவடைக்கு அதுவே நடந்தது. கதிர் அறுப்புக்கு ஏக்கருக்குப் பதினைந்து இருபது ஆள் நின்ற இடத்தில், ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் மிஷின் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே எடுத்துக்கொள்கிறது. கதிர் அரிவாளை வடநாட்டுக்காரர் யாரும் பிடுங்கவில்லை.

8. கேரளாவுல அவ்ளோ பேரு இருக்காங்க, கூலியும் அங்கதான் அதிகம். அப்போ ஆள் வந்தா கூலி ஏறும்னு அர்த்தமா?

அப்படிச் சொல்ல முடியாது. எண்கள் உண்மைதான். ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 கணக்கில் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் நாள் கூலி கேரளத்தில் ஏறத்தாழ 850 ரூபாய், தமிழ்நாட்டில் 500, தேசியச் சராசரி 393. ஆனால் காரணமும் விளைவும் தலைகீழாக இருக்கலாம். கூலி அதிகம் இருப்பதால்தான் அங்கே ஆள் போகிறது. கேரளத்து ஆண்கள் வளைகுடாவுக்குப் போனார்கள், ஆள் குறைந்தது, கூலி ஏறியது. அந்தக் கூலியைத் தேடி முதலில் போனவர்கள் தமிழர்கள். வங்காளிகளும் ஒடியாக்காரர்களும் பின்னால் வந்தார்கள்.

கேரளம் காட்டும் இன்னொன்று முக்கியம். லட்சக்கணக்கில் வெளி ஆட்கள் வந்தும் கூலி தரைமட்டத்துக்கு வரவில்லை. தொழிற்சங்க வலிமையும் ஊர் முழுக்கத் தெரிந்த கூலி விகிதமும் அடியில் ஒரு பலகைபோலத் தாங்குகின்றன.

9. இதுபத்தி ஒழுங்கா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்களா, இல்ல ஆளாளுக்குச் சொல்றதுதானா?

நிறைய இருக்கிறது. அதிகம் பேசப்படுவது மியாமி. 1980இல் கியூபாவின் மரியேல் துறைமுகத்திலிருந்து சில மாதங்களில் ஏறத்தாழ 1,25,000 பேர் படகில் அமெரிக்கா வந்தார்கள். மியாமியின் உழைப்பாளர் எண்ணிக்கை திடீரென்று 7 சதவீதம் கூடியது. பொருளாதார அறிஞர் டேவிட் கார்ட் 1990இல் அந்த ஊரை வேறு சில நகரங்களோடு ஒப்பிட்டு, குறைந்த திறன் வேலையாட்களின் கூலியிலும் வேலையின்மையிலும் தனிப் பாதிப்பு தெரியவில்லை என்றார். இயற்கையாக நடந்த நிகழ்வுகளைச் சோதனையாகப் பயன்படுத்தும் இவ்வகை ஆய்வுகளுக்காக 2021இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசில் பாதி கிடைத்தது.

10. இல்லவே இல்ல, மியாமியில கூலி பாதாளத்துக்குப் போச்சுன்னும் ஒருத்தர் எழுதியிருக்காரே?

அவர் ஜார்ஜ் போர்ஹாஸ், இன்னொரு பொருளாதார அறிஞர். பள்ளிப் படிப்பை முடிக்காத, ஹிஸ்பானியர் (ஸ்பானிய மொழி வழியினர்) அல்லாத ஆண்களை மட்டும் தனியாக எடுத்து, கூலி 10 முதல் 30 சதவீதம் வரை விழுந்தது என்றார். கிளெமென்ஸும் ஹன்ட்டும் அந்தத் தரவைத் திறந்து பார்த்தபோது, அதே ஆண்டுகளில் கணக்கெடுப்பின் மாதிரியில் கறுப்பினத் தொழிலாளர்களின் பங்கு கூடியிருந்தது. அவர்கள் கூலி முன்பிருந்தே குறைவு. ஆட்கள் கலவை மாறியதால் சராசரி விழுந்ததா, கூலியே விழுந்ததா என்று பிரிக்க முடியாமல் போனது.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இப்படி: ஒரு தளத்தில் 10 கொத்தனார் 1,000 ரூபாய்க்கு, 5 உதவியாள் 600 ரூபாய்க்கு. சராசரி 867. அதே கூலியில் இன்னும் 10 உதவியாள் சேர்ந்தால் சராசரி 760. நூற்றுக்குப் பன்னிரண்டு விழுந்ததுபோல் இருக்கும், ஆனால் ஒருவர் கூலியும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. “சராசரிக் கூலி குறைந்தது” என்று யார் சொன்னாலும், யாருடைய சராசரி, முன்பும் பின்பும் அதே ஆட்களா என்று கேளுங்கள்.

11. கூலி ரேட்டு அதேதான் இருக்கு. ஆனா மாசத்துல கெடைக்கிற நாளு கொறஞ்சிடுச்சே, அது கணக்குல வருமா?

கட்டாயம் வர வேண்டும். பல பேச்சுகளில் விட்டுப்போவது இதுதான். 700 ரூபாயில் 24 நாள் என்றால் 16,800. அதே 700இல் 17 நாள் என்றால் 11,900. ரேட்டு அசையவில்லை, வீட்டுக்கு வருவதில் 4,900 போய்விட்டது.

ஜெர்மனி 1991இல் செக் எல்லையை ஒட்டிய பகுதிகளில் செக் தொழிலாளர்கள் தினமும் வந்து வேலை செய்து திரும்ப அனுமதி கொடுத்தது. டுஸ்ட்மன் குழுவினர் ஆராய்ந்ததில் உள்ளூர்க் கூலி சிறிதளவே குறைந்தது, உள்ளூர்க்காரர் வேலை எண்ணிக்கை நன்றாகவே குறைந்தது. அதுவும் இருந்தவர்களை வேலையை விட்டு அனுப்பியதால் அல்ல, புதிதாக உள்ளூர்க்காரரை எடுப்பது குறைந்ததால். தினமும் வந்து போனவர்கள் சம்பளத்தைத் தங்கள் ஊரிலேயே செலவு செய்தார்கள் என்பதையும் கவனியுங்கள். இரண்டாம் பதிலில் சொன்ன வியாபாரப் பெருக்கம் அங்கே ஏற்பட வாய்ப்பே குறைவு.

12. கொரோனாவுல எல்லாரும் ஊருக்குப் போனாங்களே. அப்போ நம்ம கூலி ஏறிச்சா?

2020 மே முதல் சிறப்பு ரயில்களில் போனார்கள். ஆனால் அந்த ஆண்டை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆள் போன அதே நேரத்தில் வேலையும் நின்றுபோயிருந்தது. 2023 மார்ச்சில் நடந்தது வேறு: வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவி, பயந்து பலர் கிளம்பினார்கள். காவல்துறை மறுத்தது, பீகார் அரசுக் குழு நேரில் வந்து பார்த்தது. அப்போது பல தளங்களில் உள்ளூர் ஆளுக்குக் கூலி கூட்டிக் கேட்கும் வாய்ப்பு வரவில்லை; தளம் போடும் தேதி தள்ளிப்போனது, துணை ஆள் இல்லாமல் கொத்தனாரும் வீட்டில் இருந்தார். ஏன் என்று மூன்றாம் பதிலில் இருக்கிறது.

13. வெளிமாநிலத்துக்காரருக்குக் குறைச்சுக் கொடுக்கலாம்னு சட்டத்துல இருக்கா?

இல்லை. குறைந்தபட்சக் கூலி வேலைக்கு நிர்ணயிக்கப்படுகிறது, தொழிலாளியின் சொந்த ஊரைப் பார்த்து அல்ல. ஒரே மாதிரி வேலைக்கு உள்ளூர்க்காரருக்குத் தரும் அதே கூலி என்று 1979ஆம் ஆண்டின் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் நேராகவே சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. இதில் குறைந்தபட்சக் கூலி எல்லா வேலைகளுக்கும் பொருந்தும், ஓ.டி.க்கு இரட்டிப்பு வீதம், வேலையை விட்டு நிறுத்தினால் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளருக்கான தனிப் பாதுகாப்புகள், முன்பு ஐந்து பேர் இருந்தாலே வந்தவை, இப்போது பத்து பேர் இருக்கும் இடத்துக்கு என்று மாறியிருக்கின்றன. சிறு தளங்களுக்கு இது நல்லதல்ல.

கான்ட்ராக்டர் கூலி தராவிட்டால் வேலை வாங்கிய முதன்மை நிறுவனம் தர வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். புகார் எழுதும்போது ஏஜென்ட் பெயரை மட்டும் எழுதுவார்கள். அவர் போனை அணைத்துவிட்டால் வழக்கே நின்றுவிடும். கேட் பாஸ், வருகைப் பதிவின் போட்டோ, ஜி-பேயில் வந்த தொகை, வேலை நடந்த நிறுவனத்தின் பெயர்ப்பலகை இவற்றைச் சேர்த்து வையுங்கள். கடலூரில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம், புதுச்சேரியில் அங்குள்ள தொழிலாளர் துறை.

14. நான் கடலூர்க்காரன். தெனம் பஸ்ல சேதராப்பட்டு போறேன். எனக்கு எந்த ஊர் கூலி?

வேலை செய்யும் இடத்தின் கூலி. புதுச்சேரி அரசு தனியாகக் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கிறது. தமிழ்நாட்டு விகிதம் அங்கே செல்லாது, வீடு எங்கே இருந்தாலும் சரி. எதிர்ப்பக்கமும் இப்படித்தான். பாகூரிலிருந்து கடலூர் சிப்காட்டுக்கு வருபவருக்குத் தமிழ்நாட்டு விகிதம்.

கன்னியக்கோயில் எல்லையைத் தாண்டி வேலைக்குப் போகும் கடலூர்க்காரரும் சொல்லப்போனால் வெளிமாநிலத்தவர்தான். “வெளியாள் வந்து கூலியைக் கெடுக்கிறான்” என்று புதுச்சேரித் தொழிலாளி நம்மைப் பார்த்தும் சொல்ல முடியும், சொல்வதும் உண்டு.

15. 75 சதவீதம் வேலை உள்ளூருக்குன்னு சட்டம் போட்டா முடிஞ்சுதே?

ஹரியானா போட்டது, மாதம் 30,000 ரூபாய் வரையான தனியார் வேலைகளுக்கு. 2023 நவம்பரில் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நாட்டில் எங்கும் போக, தங்க, தொழில் செய்ய அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு உரிமை தருகிறது. சட்டம் நின்றாலும் நடைமுறையில் ஓட்டை இருக்கும்: நிறுவனத்தின் பேரேட்டில் உள்ளூர்க்காரர், கான்ட்ராக்டரின் பேரேட்டில் வெளியூர்க்காரர். தவிர, இதே சட்டத்தைக் கர்நாடகமும் கேரளமும் போட்டால் விருத்தாசலம் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள் நிலை என்ன?

16. அவங்க சம்பாதிக்கறதை எல்லாம் ஊருக்கு அனுப்பிடறாங்க, நம்ம ஊருக்கு என்ன மிச்சம்?

பெரும்பகுதியை அனுப்புகிறார்கள், உண்மை. அதனால் உள்ளூர்ச் செலவு பெருகுவது ஒரு குடும்பத்தோடு வந்து தங்குபவரைவிடக் குறைவு. ஆனால் அவர்கள் கட்டிய கட்டடம், பின்னிய வலை, நட்ட வயல் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் பணத்தில்தான் பரங்கிப்பேட்டையில் வீடுகள் எழும்பின என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அறை வாடகையில் மட்டும் நேரடியான பாதிப்பு உண்டு. ஆறு பேர் சேர்ந்து 6,000 தருவார்கள் என்றால், 4,000 தரக்கூடிய உள்ளூர்க் குடும்பத்துக்கு அந்த வீடு கிடைக்காது. கூலியைப் பற்றிப் பேசும்போது வாடகையையும் கழித்துப் பார்ப்பதே சரியான கணக்கு.

17. எங்க ஏரியாவுல நிஜமா என்ன ஆச்சுன்னு நாங்களே கணக்கு எடுக்க முடியுமா?

முடியும். ஒரே ஒரு வேலையை எடுங்கள், உதாரணமாக சென்ட்ரிங் உதவியாள். அந்த வேலையில் இருக்கும் பதினைந்து இருபது உள்ளூர் ஆட்களிடம் நான்கே விஷயம் கேளுங்கள்: நாள் ரேட்டு, எத்தனை மணி நேரம், போன மாதம் எத்தனை நாள், கைக்கு வந்தது எவ்வளவு. ஆண்களிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய விவரத்துக்கு ஞாபகத்தை நம்ப வேண்டாம். மேஸ்திரியிடம் சனிக்கிழமைப் பட்டுவாடா நோட்டு இருக்கும். பிறகு, வெளி ஆட்கள் அதிகம் வராத, மற்றபடி உங்கள் ஊர் போன்ற இன்னொரு ஊரில் இதையே செய்யுங்கள்.

உங்கள் ஊரில் 550லிருந்து 650, அதாவது 100 ஏறியிருக்கிறது. அந்த ஊரில் 520லிருந்து 650, அதாவது 130. வித்தியாசம் 30 ரூபாய். வெளி ஆள் வருகையின் பாதிப்பு ஏறத்தாழ அந்த அளவில் இருக்கலாம் என்று சொல்லலாம். “100 ஏறியிருக்கிறதே, பாதிப்பே இல்லை” என்பதும் தவறு, “எல்லாம் போச்சு” என்பதும் தவறு. இதே கழித்தலை வேலை நாட்களுக்கும் செய்யுங்கள்.

தவறு நேரும் இடங்கள் சில. ஐப்பசி, கார்த்திகை மழை மாதத்தைச் சித்திரையோடு ஒப்பிடக் கூடாது. 2020ஐயும், 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலுக்கு அடுத்த மாதங்களையும் அடிப்படையாக வைக்கக் கூடாது. புயலுக்குப் பின் சில வேலைக்குத் தட்டுப்பாடு, சில வேலைக்கு ஒன்றுமில்லை. மீனவர் ஊர்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அப்போது ஆண்கள் கட்டட வேலைக்கு வருவார்கள். வேலையை விட்டே போனவர்களை மறந்துவிடுவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. நாள் கிடைக்காமல் வீட்டோடு இருந்துவிட்ட பெண்மணி உங்கள் பட்டியலில் வரவே மாட்டார், அவரைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும்.

18. புதுசா வர்றவங்களால யாருக்குத்தான் அதிக அடி?

பத்து வருடமாக இங்கேயே இருக்கும் முந்தைய வெளிமாநிலத்தவருக்கு. அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் 2016இல் வெளியிட்ட பெரிய அறிக்கையும் இதே முடிவைச் சொன்னது: கூலி பாதிப்பு தெரியும் இடத்தில் அது முன்பு குடியேறியவர்களிடமும், அடுத்து பள்ளி முடிக்காத உள்ளூர்க்காரர்களிடமும்தான் அதிகம். இருவரும் புதியவரோடு நேருக்கு நேர் ஒரே வேலைக்கு நிற்பவர்கள்.

19. அப்போ சங்கத்துல அவங்களையும் சேக்கணும்கறீங்களா? நம்மாளுங்க ஒத்துக்க மாட்டாங்களே?

சேர்ப்பதுதான் உள்ளூர்க் கூலிக்கும் பாதுகாப்பு என்பது எங்கள் உறுதியான கருத்து. நான்காம் பதிலின் கணக்கைச் சங்கக் கூட்டத்தில் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். அவருக்கு ஓ.டி. கிடைக்கும் நாளில் உங்களை விட்டு அவரைக் கூப்பிட கான்ட்ராக்டருக்குப் பெரிய காரணம் இருக்காது. தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். இந்தியோ வங்காளமோ தெரிந்த ஒருவர், அன்றைய கூலி விகிதத்தையும் 8 மணி நேரத்தையும் அவர்கள் மொழியில் அச்சடித்த ஒரு தாள், அவர்கள் தங்கும் அறைக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு நடை. சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டப்படி (முன்பு மத்தியக் கட்டடத் தொழிலாளர் சட்டம்) 18 முதல் 60 வயதுக்குள், முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்தவர் நலநிதியில் பதியலாம். எந்த மாநிலத்தவர் என்ற நிபந்தனை அதில் இல்லை. கட்டடச் செலவில் பிடிக்கும் 1 சதவீத வரியில் அவர் உழைத்த கட்டடத்தின் பங்கும் இருக்கிறது.

முதல் கூட்டத்துக்கு நான்கு பேர்தான் வருவார்கள், ஏஜென்ட் பார்த்துவிடுவார் என்ற பயத்தில் இரண்டு பேர் பாதியில் எழுந்து போவார்கள். அடுத்த ஞாயிறும் போங்கள்.